ஆவணி மாதத்து இடி

2006 ஆவணியில் கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து கிளம்பினேன். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருஷா வருஷம் காவி உடுத்தி ஒரு கூட்டம் போகும். அதுவரை அவர்களுக்கு மோர் கலந்து கொடுத்து வழியனுப்பியதோடு சரி. அந்த வருஷம் என் மகனுக்காக நேர்ந்துகொண்டேன். நாலு வயது முடிந்தும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா என்றுகூட அழைத்ததில்லை. மாதா கோயில் போய்ச் சேரும்வரை செருப்புப் போடமாட்டேன், எந்த வண்டியிலும் ஏறமாட்டேன், மாதாவே, நீ அவனைப் பேசவை. இதுதான் நேர்ச்சை.

பேசாத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. நாக்கில் வசம்பை உரைத்துத் தடவினோம். தேன் தடவினோம். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைப் பிடித்துவந்து குடிக்கவைத்தோம். ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும் என்று தெருவே சொன்னது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டான். “அழுத்தக்காரன், அப்படியே உன் புத்தி” என்பார் அண்ணி. என் கணவரின் அக்கா அவர். எனக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த அண்ணியும் என்னோடு நடக்க வந்திருந்தார். பாதி பக்தி, மீதி என்னைக் கண்காணிக்க.

எங்கள் ஊரில் எவ்வளவு வெயில் அடித்தாலும் முற்பகலுக்குள் கடல்காற்று எட்டிப் பார்த்துவிடும். அந்த வாரம் அதுவும் வரவில்லை. மேற்கேயிருந்து அனல்தான் அடித்தது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தார் உள்ளங்காலில் ஒட்ட ஆரம்பித்தது. புதுச்சத்திரத்தில் இரவு தங்கியபோது கால் முழுக்கக் கொப்புளம். “கூட வர்ற சாமான் வேன்லயே செருப்பு இருக்குதுடி, போட்டுக்க” என்றார் அண்ணி. நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாளும் அதே வெயில். எங்கள் கூட்டத்தைக் கூட்டிப்போகிறவரை எல்லோரும் மாமா என்போம். ஜெபமாலை சொல்லி முடித்ததும் அவர் வானத்தைப் பார்த்து, “மாதாவே, ஒரு தூத்தலாச்சும் போடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

பி.முட்லூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், மேற்கே நெய்வேலிப் பக்கம் வானம் கறுத்தது. கடலைப் பார்த்தே மழையைக் கணிக்கிற ஆட்கள் நாங்கள். முதுகுப் பக்கம் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் காற்று சுத்தமாக நின்றது. பிறகு வயல் புழுதியெல்லாம் எழுந்து ரோட்டைக் குறுக்கே கடந்தது. கண்ணைக் கசக்கித் திறப்பதற்குள் முதல் துளிகள் விழுந்தன. சூடான தாரில் பட்டு ஆவி பறந்தது. அடுத்த நிமிஷம் எதிரே வரும் பஸ் தெரியவில்லை.

அப்புறம்தான் இடி. நான் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனாலும் அந்த முதல் இடிக்கு நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். கூட்டத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

மாமா வேனைத் திருப்பிக் கொண்டுவந்தார். “எல்லாரும் ஏறுங்க. சிதம்பரத்துல எறங்கிக்கலாம். மின்னல்ல நடக்கவுட்டா நான் என்னா பதில் சொல்றது?”

எல்லோரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை.

“மாமா, நீங்க போங்க. நான் நடந்தே வந்துடறேன்.”

“ஏம்மா, உயிரு போனா மாதா திருப்பிக் குடுக்குமா?”

“என் புள்ளைக்குப் பேச்சு குடுத்தா போதும்.”

அண்ணி வேனிலிருந்து என்னைத் திட்டினார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வேன் கொஞ்ச தூரம் போய் நின்றது. கதவைத் திறந்து அண்ணி இறங்கினார். “நீ செத்தா என் தம்பிக்கு எவ பதில் சொல்றது” என்று முனகியபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். சிதம்பரம் வரும்வரை அந்தக் கையை விடவுமில்லை, திட்டுவதை நிறுத்தவுமில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று எங்களைக் கைப்பிடிச் சுவரோடு சாய்த்தது. ஒவ்வொரு இடிக்கும் இருவரும் துள்ளினோம். அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை, வீம்பு. மாதாவோடு மல்லுக்கட்டுவதாகவே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஈரப் புடவையோடு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து வீட்டுக்குப் போன் போட்டேன். கணவர் எடுத்தார்.

“அங்க மழையாங்க?”

“மழையா? பின்தெரு தென்னமரத்துல இடி வுழுந்துச்சி. வீடே அதிர்ந்து பூட்ச்சி. பக்கத்து வூட்டுப் புள்ளைங்கல்லாம் ஒரே அழுவ.”

“நம்ம புள்ள?”

அவர் சிரித்தார். “அவனா? சுவத்தப் பாத்து ஒக்காந்து கார் ஓட்டிக்கினு இருந்தான். திரும்பிக்கூடப் பாக்கல. அவ்ளோ தைரியம். உன்ன மாதிரியே.”

அவர் ஹலோ ஹலோ என்றார். ரோட்டில் நான் காதைப் பொத்தி உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. இத்தனை நாளாக அவன் நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். காதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

“காலைல மொத பஸ்ஸுல வர்றேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அண்ணிக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்தும் பயம் விடவில்லை. “இடியில வராத தும்பம் பஸ்ஸுல ஏறுனா வரும்டி. நேர்ச்ச முறிஞ்சி பூடும். போய்ட்டு வந்து பாத்துக்கலாம்.”

“வேளாங்கண்ணி போய்த் திரும்பறதுக்குள்ள இன்னும் எத்தினி நாளு அண்ணி? மாதாவும் ஒரு புள்ளய பெத்தவதான். கோவப்பட்டா பட்டுக்கட்டும்.”

மறுநாள் விடிந்ததும் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். படியில் கால் வைத்தபோது கொப்புளத்தைவிட மனசு அதிகம் வலித்தது, உண்மை. ஏறாமல் இருக்கவில்லை.

வீட்டில் அவன் எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உரக்கக் கூப்பிட்டேன். அடுக்களையிலிருந்து சில்வர் தாம்பாளத்தை எடுத்துவந்து அவனுக்குப் பின்னால் தூக்கிப் போட்டேன். தோட்டத்திலிருந்து என் கணவர் ஓடிவந்தார். பக்கத்து வீட்டம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அவன் காரைத் தள்ளிக்கொண்டே இருந்தான். என் கணவர் தாம்பாளத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். பார்த்ததும் காரைப் போட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“கெளம்புங்க” என்றேன். “சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்கு. காத காட்டணும்.”

காவியை மாற்றவில்லை. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.