பெயர் தெரியாதவருக்கு ஒரு நோட்டீஸ்

2025 நவம்பர் 18, செவ்வாய். 4.50க்கு எழுந்தேன். இரவுத் தூறலில் மாடிக்கொடியில் கிடந்த துணி நனைந்திருந்தது. எட்டு உருப்படி, மறுபடி பிழிந்து போட்டேன். 5.30க்குக் காப்பி. 6.10க்குச் சவரம். 7.45க்கு இட்லி நான்கு. 9.10க்கு அலுவலகத்தைத் திறந்து, அன்றைய வாய்தாக் கட்டுகளை வழக்கு எண் வரிசையில் அடுக்கினேன்.

சங்கரன்கோவில் கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருபத்திரண்டு வருடமாக ஒரே வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எதிர்க்கட்சிக்காரர் பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண், தெரு, தாலுகா: இதில் ஒன்று குறைந்தாலும் காகிதம் என் மேசையைத் தாண்டாது. அன்று தாண்டியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

9.25க்கு ஒரு பெண்மணி வந்தார். விசைத்தறிச் சேலைகளை வீட்டில் வைத்து, செல்போனில் படம் போட்டு விற்பவர். அவருடைய படங்களையும், அவர் சேலையை விரித்துக் காட்டும் வீடியோக்களையும் எவனோ எடுத்து, அவர் கடைப் பெயரிலேயே போலிப் பக்கம் ஒன்று நடத்துகிறான். பணம் அவனுக்குப் போகிறது. சேலை யாருக்கும் போவதில்லை.

“நேத்து புளியங்குடியிலேருந்து ரெண்டு பேரு வந்து வாசல்ல உக்காந்துட்டாவ அண்ணாச்சி,” என்றார். “சேலையைக் குடு, இல்லன்னா எந்திரிக்க மாட்டோம்னு. நானே காப்பி போட்டுக் குடுத்து அனுப்பி வெச்சேன். குடிச்சுட்டு, களவாணின்னுட்டுப் போறாவ.”

“போலீஸுக்குப் போனீங்களா?”

“எழுதிக் குடுத்திருக்கேன். பாக்கோம்னாவ. இதைப் படிங்க.”

செய்தித்தாளிலிருந்து கத்தரித்த துண்டு. அமெரிக்காவில் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம், உங்கள் பார்சல் நிற்கிறது என்று பொய்க் குறுஞ்செய்தி அனுப்பும் கூட்டத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறது. பிரதிவாதிகள் பெயர் தெரியாத நபர்கள். தெரியாது என்று எழுதியே வழக்குத் தாக்கல் ஆகியிருக்கிறது. இரண்டு முறை படித்தேன். கதவு எண்ணைத் தேடினேன்; இல்லை.

9.40க்கு வக்கீல் வந்தார். துண்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“அவங்க ஆளைப் பிடிக்கக் கேஸ் போடலம்மா. ஆளு எந்த நாட்டுல இருக்கான்னு அவங்களுக்கே தெரியாது. கோர்ட்டு உத்தரவு கையில இருந்தா, அந்தப் பக்கத்துக்கு இடம் குடுத்தவன், இணையத்துல அந்த முகவரிப் பேரை வித்தவன், எல்லார்கிட்டயும் காட்டி மூடச் சொல்லலாம். ஆளு தப்பிச்சிருவான். கடை மூடிரும்.”

“மறுநாள் வேற கடை தொறப்பானே?” என்றார் பெண்மணி.

“தொறப்பான். மறுபடி மூடுவாங்க.”

“இது கொசு அடிக்கதுல்லா சார்?”

“அதேதான். ஆனா கோர்ட்டுச் செலவோட.”

“எனக்கு அது போதும். என் மூஞ்சியை வெச்சு அவன் விக்கக் கூடாது. இல்லன்னா நான் விக்கதை நிறுத்தணும்.”

முதலில் நோட்டீஸ் அனுப்புவது என்று முடிவாயிற்று. போலிப் பக்கத்தில் ஒரு வாட்ஸப் எண் இருந்தது. யாருக்கு என்று எழுதுவது? வடக்கே இம்மாதிரி வழக்குகளில் பொதுவாக ஒரு ஆண் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம் என்று வக்கீல் சொன்னார். பெயரைக் கேட்டேன். சொன்னார். கோர்ட்டு நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் அமீனாவின் பெயர் அது.

“அது ஆகாது வே,” என்று வக்கீலே தலையை ஆட்டினார். “நாளைக்குக் கேஸாச்சுன்னா அவரு நோட்டீஸை எடுத்துட்டு எங்க போவாரு, அவரு வீட்டுக்கா? இடத்தை விட்டு வையும். பேரு கிடைச்சதும் நிரப்பிக்கிடலாம்.”

ஆகவே பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா எல்லாவற்றுக்கும் புள்ளிக்கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டிலும் நாற்பது புள்ளி. “தாங்கள் எம் கட்சிக்காரரின் நூற்றுப் பன்னிரண்டு படங்களைத் திருடி வியாபாரம் செய்து வருகிறீர்கள், ஏழு நாளில் நிறுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை” என்று வாசகம். வக்கீல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். ஸ்கேன் ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. மூன்று முறை எடுத்தும் சாய்வு போகவில்லை. எழுத்துத் தெளிவாக இருக்கட்டும் என்று, முத்திரையும் கையெழுத்தும் ஒட்டிய டைப் கோப்பையும் சேர்த்து, 11.05க்கு அலுவலகப் போனிலிருந்து அனுப்பினேன்.

11.06க்குப் பதில் வந்தது: “வணக்கம். எந்த நிறம் வேண்டும்?”

“நிறம் அல்ல. சட்டப்படியான அறிவிப்பு. இணைப்பைப் பார்க்கவும்” என்று அனுப்பினேன்.

“நன்றி. ஊதா இருப்பில் உள்ளது.”

எட்டிப் பார்த்த பெண்மணிக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. “ஊதா என்கிட்ட ஆவணியிலேயே தீந்துபோச்சு! எங்கேருந்துலே குடுப்பே?” என்று என் போனைப் பார்த்துக் கத்தினார். சேர்ந்து கத்த எனக்கும் தோன்றியது. அதற்குப் பதில், ஊதா இல்லை என்று கோப்பில் குறித்துக்கொண்டேன்.

3.20க்கு முதல் அழைப்பு. 3.35க்குள் இன்னும் நான்கு. ஐந்து பேரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: என் மேல் எதற்கு நோட்டீஸ்? எனக்கு விளங்கவில்லை. 4.15க்கு விளங்கியது. மேலநீலிதநல்லூரிலிருந்து ஆடு வளர்ப்பவர் ஒருவர், செல்போனில் வந்ததைக் கடையில் அச்செடுத்துக்கொண்டு நேரில் வந்தார்.

என் நோட்டீஸ்தான். புள்ளிக்கோடுகளின் மேல் அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா எல்லாம் நிரப்பப்பட்டிருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கட்சிக்காரரும் எனக்கு இவ்வளவு முழுமையாக விவரம் தந்ததில்லை. அடியில் ஒரு வரி மட்டும் புதிது: நோட்டீஸை ரத்து செய்ய இந்தச் சுட்டியைத் தொட்டுக் கட்டணம் செலுத்தவும்.

“என்னவே இது?” என்றார். “எம் பொஞ்சாதி போன மாசம் என் பேரு, விலாசம் எல்லாம் குடுத்துச் சேலைக்குப் பணம் கட்டுனா. சேலை வரல. சரின்னு விட்டோம். இப்ப நான் சேலைப் படத்தைக் களவாண்டேன்னு நோட்டீஸ் வருது. எங்கிட்ட நூத்திப்பத்து ஆடு இருக்கு. எந்த ஆடுவே சேலை விக்குது?”

சேலைக்காகப் போலிப் பக்கத்தில் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் கொடுத்து ஏமாந்தவர்களின் பட்டியல் அவனிடம் இருந்தது. அத்தனை பேருக்கும் என் புள்ளிக்கோட்டை நிரப்பி அனுப்பியிருக்கிறான். திருத்தக்கூடிய டைப் கோப்பை அனுப்பிய தவறு என்னுடையது. அவரை உட்கார வைத்துச் சொன்னேன். பணம் கட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது மட்டும் நெசம்னு எப்படி நம்ப?” என்றார். சீல் வைத்துக் கொடுத்தேன்.

5.10க்குச் சேலைப் பெண்மணி போனில் வந்தார். குரல் தணிந்திருந்தது.

“சேலையும் குடுக்காம கேஸும் போடுதான்னு ஊரே பேசுது அண்ணாச்சி. போதும். படம் எல்லாத்தையும் அழிச்சிட்டு, பக்கத்தை மூடிட்டுப் போறேன்.”

“அழிக்காதீங்க,” என்றேன். “ஆடித்தபசுக்கு முன்னால, அவன் பக்கம் தொடங்குறதுக்கும் முன்னால, நீங்க போட்ட படம் எல்லாம் தேதியோட இருக்கு. படம் உங்களுதுன்னு காட்ட அது ஒண்ணுதான் சாட்சி. அழிச்சா அவன் பக்கம்தான் மிச்சம் இருக்கும். நீங்க போலியாயிருவீங்க.”

“நான் போலியா?”

“காகிதத்துல.”

“யோசிக்கேன்,” என்று வைத்துவிட்டார்.

கோர்ட்டிலிருந்து திரும்பிய வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார். இம்முறை சிரிக்கவில்லை. பிறகு, அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்தை முதல் பிரதிவாதியாகப் போட்டு, மூடச் சொல்லி உத்தரவு கேட்கலாம் என்றார். தென்காசிக்குப் போய் சைபர் போலீஸிலும் நம் நோட்டீஸ் களவு போனதாகப் புகார் கொடுக்க வேண்டும். “படம் இருந்தாத்தான் கேஸு வே,” என்றார். “அந்தம்மா அழிச்சிட்டா கேஸுக் கட்டை மூடி வெச்சிரும்.”

அன்றைய குறிப்பை 8.30க்கு எழுதி முடித்தேன். சேலைப் பெண்மணியின் பக்கத்தைப் போனில் தேடினேன். ஒரே பெயர், ஒரே படங்கள், இரண்டு பக்கம். எது அவருடையது, அழிந்திருக்கிறதா இருக்கிறதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் புதன். எழுந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் அவர் வீட்டுக்கு நடந்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் கொடுத்தார். படியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் இருந்தன.