கயிற்றுக்கு வெளியே

நேற்று மகள் அலமாரியில் அந்துருண்டை போட்டாள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு யுத்தம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். யுத்தம் என்றாலே அந்துருண்டை வாசனையோடுதான் நடக்கும் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

காரணம், அப்பாவின் கம்பளிக் கோட்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா இஞ்சின் டிரைவர். முதல் மகாயுத்தத்தில் பட்டாளத்துக்கு ரயில் ஓட்ட ஈராக்கில் உள்ள பஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவர். கோட்டு வருடம் முழுக்க அந்துருண்டையோடு பெட்டியில் தூங்கும். நவம்பரில், யுத்தத்தில் செத்தவர்களின் நினைவு நாளன்று மட்டும் வெளியே வரும். கோலாலம்பூர் வெயிலில் கம்பளி! வேர்த்து ஊற்றும், கழற்றமாட்டார். அந்தப் பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் வந்திருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.

மற்ற நாளெல்லாம் அவர் வேறு ஆள். வேலை முடிந்து வந்தால் பெண்பிள்ளைகள் எங்களுக்குச் சடை பின்னிவிடுவார், குழாயடியில் அம்மாவின் சேலையை அலசுவார். யாராவது கேலி செய்தால், "எம் பொண்டாட்டி சேல, நான் தொவைக்கிறேன். ஒனக்கென்னா லா?" என்பார், மலாய்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து.

அவர் பஸ்ராவில் இருந்தபோதுதான் என் அண்ணன் ராசா காய்ச்சலில் போய்ச்சேர்ந்தான். நான் பிறப்பதற்கு முன்பு. அம்மா தனியாக நின்று அடக்கம் செய்தாள். சேதி அப்பாவுக்குக் கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

ஒரு நினைவு நாள் காலையில் அம்மா கேட்டாள்: "செத்தவங்களுக்காகத்தானே வருசா வருசம் போயி நிக்கிறீங்க. நம்ம புள்ளைக்கு யாரு நிப்பா?"

அப்பா கோட்டை மாட்டிக்கொண்டார். எங்கள் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு நடந்தார்.

போர் நினைவுத்தூண் அப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் கயிறு. உள்ளே துரைமார்கள், ஓரமாகப் பழைய பட்டாளத்துக்காரர்கள். வழியில் நின்று ஆள் பார்த்து அனுப்பிய குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, நம்மவர்தான்.

"அண்ணே, நீங்க மட்டும் உள்ள போங்க. சண்டைக்குப் போனவங்களுக்குத்தான் எடம்."

"நான் ரயிலு ஓட்டுனேன். எம்மவன மண்ணுல வச்சவ இவ. எங்கள்ல யாரு சண்டைக்குப் போனவங்கன்னு நீயே சொல்லு."

"தொர பாக்குறாருண்ணே. வேலைக்கு வேட்டு வச்சிக்காதீங்க."

"பாக்கட்டும்."

அப்பா உள்ளே போகவில்லை. கயிற்றுக்கு வெளியே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் பார்க்க மனைவி கையைப் பிடிப்பதா! அம்மாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆனாலும் கையை உருவிக்கொள்ளவில்லை. ஊதுகொம்பு ஒலித்து அடங்கியது. துரைமார்கள் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள். செத்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம்.

"இது நம்ம ராசாவுக்கு," என்றார் அப்பா, மெதுவாக. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வேலை போகவில்லை. மறுவருடம் அவருக்கு அழைப்புதான் வரவில்லை. அழைப்பில்லாமலே போனோம். கயிற்றுக்கு வெளியே அதே இடத்தில் நின்றோம், அப்பா இருந்தவரைக்கும்.

பாலம் கட்டுவதற்காக அந்தத் தூணை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் குவாட்டர்ஸையும் இடித்தாயிற்று. அப்பா இல்லை, அம்மா இல்லை. அண்ணன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, இல்லாவிட்டால் போகட்டும். கோலாலம்பூர்த் துரைமார்கள் அத்தனை பேரும் அன்று தொப்பியைக் கழற்றி நின்றது என் அண்ணனுக்காகத்தான். எவர் வந்து மறுத்தாலும் நான் இப்படித்தான் சொல்வேன்.