திரேசாவின் கைகளும் மாதாவின் சுரூபமும்

என் மனைவி திரேசாவின் கைகளைப் பற்றி இந்தச் செபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தது என்னவென்று முழுமையாக விளங்காத நிலையிலேயே சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கை வழியே ஒக்டோபர் மாதம் மாதாவின் சுரூபம், அவருடைய சிறு சிலை, வீடு வீடாக வரும். வாசலில் அந்தந்த வீட்டுப் பெண் அதை இரு கைகளாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோவது எங்கள் வழக்கம். ஓர் ஒக்டோபரில் திரேசாவால் அது முடியவில்லை. விரல்கள் வீங்கியிருந்தன. காலையில் தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க இயலாது. சுரூபத்தை நான் வாங்கினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடக்குவாதம் என்றார் வைத்தியர். நான் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். கிருமிகளோடு போரிட வேண்டிய, இரத்தத்தின் வெண்குழியங்கள் மூட்டின் மென்சவ்வுக்குள் புகுந்து, சொந்த உடலையே அந்நியமென எண்ணி, தம்மைப் போன்ற மேலும் பல கலங்களை அழைத்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அவளுடைய கையைப் பிடித்திருந்தபோது, காக்கப் படைக்கப்பட்டவை ஏன் அழிக்கின்றன என்பது விளங்கவில்லை. ஆண்டவரிடம் எதைக் கேட்பதென்றும் தெரியவில்லை.

செபக்குழுவை நடத்தும் றோசலினுக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை. "ஆண்டவரே, திரேசா அக்காவுக்கு எதிர்ப்புச் சக்தியைப் பெருகப் பண்ணும்" என்று குரலெடுத்துச் செபித்தார்.

திரேசா கண்ணைத் திறந்தாள். "ஐயோ றோசலின், அதைக் கேக்காதையும்! உம்மட செபம் பலிச்சால் இருக்கிற விரலும் போயிடும்."

"அப்ப என்னத்தைக் கேக்கிறது அக்கா?"

"உள்ளுக்குச் சண்டை பிடிக்கிறதுகளைக் கொஞ்சம் படுக்கச் சொல்லிக் கேளும்."

"கடவுளுக்கு அது விளங்குமோ?"

"விளங்காட்டி இவர் வகுப்பெடுப்பார்" என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவளுடைய எதிர்ப்புச் சக்தி தணியும்படி செபித்தோம். வைத்தியர் தந்த மருந்தும் அதையே செய்தது. மெல்ல வீக்கம் வடிந்தது. அரிக்கப்பட்ட மூட்டுகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. விரல்கள் வளைந்தே இருந்தன. ஆனாலும் அடுத்த ஒக்டோபரில் சுரூபத்தை அவளே ஏந்தினாள். வளைந்த விரல்களுக்குள் அதன் அடிப்பீடம் அசையாமல் அமர்ந்தது.

"பாத்தீங்களோ" என்றாள்.

இந்த வருடம் மே மாத மழையில் அவளுக்கு நியூமோனியா கண்டது. காப்பாற்ற முடியவில்லை. எதிர்ப்புச் சக்தி தணிந்ததுதான் காரணமா என்று கேட்டேன். "இருக்கலாம் சேர், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் வைத்தியர்.

நாங்கள் கேட்டதைத்தான் ஆண்டவர் தந்தார். அதனோடு இதையும் சேர்த்தா தந்தார்? யோசித்து யோசித்துத் தோற்கிறேன். அவர் மறுத்திருந்தால், அவள் சுரூபத்தை ஏந்திய அந்த ஒக்டோபர் எங்களுக்கு இல்லை. அது மட்டும் தெரியும். அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு விளங்கியதை மட்டுமே நம்பினேன்; இப்போது விளங்காமலும் முழந்தாளிடுகிறேன். எதைக் கேட்பதென்று உங்களுக்கும் தெரியாதிருந்தால், தெரியாமலே அவரிடம் போங்கள்.

நேற்று றோசலின் வந்து தயங்கினார். "இந்த முறை சுரூபத்தை உங்கட வீட்டை விட்டுட்டுக் கொண்டு போகட்டோ, சேர்?"

"இல்லை. கொண்டு வாங்கோ."

மாலையில் வாசலில் நின்று வாங்கினேன். என் விரல்கள் நேரானவை. சுரூபம் சற்று நழுவியது. திரேசாவைப் போல விரல்களை வளைத்துப் பிடித்தேன். நின்றது.