கைப்பிடி ஓரத்துக் கறை

எங்கள் வீட்டுப் பின்பக்கம் அயினி மரப் பலகை அடித்த ஒரு மரத்தளம் உண்டு. மகள் படிக்கிற காலத்தில் ஏதோ படத்தைக் காட்டி அடம்பிடித்துப் போடவைத்தது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதைத் தேய்த்துக் கழுவுகிற வேலை மட்டும் என் தலையில். சாயங்காலம் அதில் நாற்காலி போட்டு உட்காருவது என் கணவர் ஒருவர்தான்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம், தளத்தின் கைப்பிடி ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை கண்டேன். வெற்றிலைத் துப்பலேதான் என்று நினைத்தேன். அதற்கு நாலு மாதம் முன்புதான் அவர் கன்னத்தின் உள்பக்கப் புண்ணைத் திருவனந்தபுரத்தில் வெட்டியெடுத்திருந்தார்கள். இனி வெற்றிலையும் புகையிலையும் வாயில் பட்டால் அடுத்து தாடைதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். முப்பது வருடம் மென்ற மனிதர். விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னதை நான் நம்பினேனா? நம்பின மாதிரி நடந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கேட்டேன். "நான் தொடலட்டி, சத்தியமாட்டு" என்றார். திருடன் சத்தியம் பண்ண மாட்டானா என்ன. அடுக்களையிலிருந்து கம்பி நாரை எடுத்து வந்து பலகையை வறட்டு வறட்டென்று தேய்த்தேன். சிவப்பு போனது. மறுநாள் மழை பெய்தது; அதற்கு மறுநாள் அதே இடத்தில், துப்பல் காய்ந்தாற்போலக் கரும்புள்ளிகள், பத்துப் பதினைந்து. மறுபடி தேய்த்தேன். மறுபடி வந்தன, இன்னும் அதிகமாக.

என்ன துணிச்சல் இந்த மனிதருக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைப் பையைத் தடவினேன். துவைக்கப் போட்ட வேட்டியை மோந்து பார்த்தேன். அவர் பாறசாலைக்குப் போய்வந்தால், பேச்சுக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நிற்பேன். ஏலக்காய் வாசனை அடித்தால், எதை மறைக்க ஏலக்காய் என்று தோன்றும். ஒன்றும் அடிக்காவிட்டால், நன்றாகக் கொப்பளித்திருக்கிறார் என்று தோன்றும்.

ஒரு நாள் பொறுக்காமல் கத்திவிட்டேன். "துப்புறதுதான் துப்புதிய, அந்த வாழை மூட்டுல துப்பப்பிடாதா? நானில்லா கெடந்து தேய்க்கேன்."

அவர் நாற்காலியை மடக்கி உள்ளே கொண்டு வைத்தார். அதன்பிறகு அங்கே உட்காரவே இல்லை. அப்படியும் கறை வந்தது. நான் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்துத் துப்புகிறார் என்று முடிவுகட்டினேன்.

கைப்பிடிச் சட்டம் ஒன்று ஆடுகிறதென்று, தளம் போட்ட ஆசாரியைக் குன்னத்துகாலிலிருந்து வரச்சொன்னோம். அவர் குனிந்து பார்த்ததுமே, "சேச்சி, கம்பி நாரு போட்டா தேச்சிய?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"பின்ன கறுக்காம இருக்குமா? நாருல உள்ள இரும்புத்தூளு பலகைக்க உள்ள கேறி, மழ நனைஞ்சு துருப்பிடிச்சதாக்கும் இது. தேய்க்கத் தேய்க்கக் கூடத்தான் செய்யும்."

"அப்போ மொதல்ல செவப்பா ஒண்ணு கெடந்துதே?"

அடுத்த வீட்டுத் தேக்கிலிருந்து தளத்தில் விழுந்துகிடந்த தளிர் ஒன்றை எடுத்துக் கசக்கி, ஆசாரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இரத்தமாகச் சிவந்திருந்தது. கொல்லையில் நிற்கிற இரும்பன்புளி மரத்துக் காயை அரைத்துப் பூசி, தேங்காய் நாரால் தேய்த்தால் துருக்கறை போகும் என்று சொல்லிவிட்டுச் சட்டத்தை முடுக்கப் போனார்.

அன்றைக்கே புளியைப் பறித்து அரைத்துத் தேய்த்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளுத்து, பலகையின் மஞ்சள் தெரிந்தது. அழுதுகொண்டேதான் தேய்த்தேன், சொல்வதற்கு என்ன வெட்கம். அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு எனக்க பேர்லதான். மனசுல வச்சிடாதிய" என்றேன்.

அவர் கதவை விட்டு நகர்ந்தார். வெயில் விழுகிற இடத்துக்கு வந்து நின்று, வாயைத் திறந்தார். அந்த வெட்டுக்குப் பிறகு இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் அவருக்கு வாய் திறக்கும். கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் பார்ப்பதற்காகக் காத்து நின்றார்.

வேண்டாம், மூடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, எக்கி நின்று, நாக்கின் அடிவரைக்கும் பார்த்தேன்.