உட்கார்ந்தே பார்த்த பூந்தோட்டம்

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனி மாதம். போடியிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு ஜீப்பில் மலையேறினோம். ஏலத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்று இப்போது ஹோட்டலாகியிருக்கிறது. பூ சீசனில் தோட்டம் பார்க்க டிக்கெட் கொடுத்து உள்ளே விடுவார்கள். எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது.

பங்களா வாசலில் நின்று பார்த்தால் தோட்டம் கீழே சரிவில் இருந்தது. இறங்கக் கல்படி. பாசி படிந்து கிடந்தது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. மதினி வழக்கம்போல ஆரம்பித்தார். "நீ இங்கனயே உக்காரு. போன்ல போட்டோ எடுத்தாந்து காட்டுறேன்." பாசமாகத்தான் சொன்னார். ஆனால் கொடைக்கானல், குற்றாலம் என்று எல்லா ஊரையும் நான் இப்படித்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ பொறுக்கவில்லை.

ஊன்றுகோலை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் ஊன்றி அடுத்த படிக்கு நகர்ந்தேன். எங்கள் மலையில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் செடியடியில் உட்கார்ந்து நகர்ந்துதான் நாள் முழுக்க வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டுவதில்லை. எனக்கு மட்டும் இதில் என்ன கேவலம்?

பாதிப் படியில் ஹோட்டல் மேனேஜர் ஓடி வந்தார். இளவயதுக்காரர். தங்கியிருப்பவர்கள் பார்க்கிறார்கள், நன்றாக இருக்காது, மேலே நாற்காலி போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினார்.

"பாக்கட்டும் தம்பி. நானும் பாக்கத்தான டிக்கெட்டு எடுத்து வந்திருக்கேன்" என்றேன்.

அண்ணன் தூக்கிக்கொள்ள வந்தார். "தொட்டீகன்னா கத்திப்புடுவேன்ணே" என்றதும் ஒதுங்கிக்கொண்டார்.

கீழே ஜகரண்டா மரத்தடியில் புல்லெல்லாம் நீலப்பூ உதிர்ந்து கிடந்தது. பக்கத்தில் டேலியாப் பூக்கள், ஒவ்வொன்றும் தட்டு அகலம், என் முகத்துக்கு நேரே. ஒரு தேனீ உள்ளே போய் மகரந்தத்தோடு வெளியே வரும்வரை பார்த்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

திரும்பி ஏறுவதுதான் உயிரை வாங்கிவிட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. மதினி என் முந்தானை படியில் சிக்காமல் பிடித்தபடி பின்னாலேயே ஏறி வந்தார்.

அடுத்தவர் பார்வைக்கு நன்றாக இருக்காது என்பதற்காக நாற்பது வயது வரை நான் பார்க்காமல் விட்டவற்றை நினைத்தால் இன்றும் எரிச்சலாகத்தான் வருகிறது. இனி எதையும் விடுவதாக இல்லை.