புனேயில் இருக்கும் இயக்குநர்

என்னை இயக்குநர் குழுவில் சேர்த்தபோது, எங்கள் கம்பெனியின் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து பூங்கொத்து வந்தது. குழுவில் மற்ற ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரும் வெளிநாட்டில். ஒரு பெண் வேண்டும், இந்தியாவில் குடியிருப்பவர் ஒருவர் வேண்டும் என்றது சட்டம். இரண்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், புனே கேம்ப் கடைத்தெருவில் புதுப் பட்டுப்புடவை வாங்கி உடுத்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன். ஆண்டறிக்கையில் பன்முகத்தன்மை என்ற பக்கம் முழுக்க என் முகம்தான்.

எங்கள் தளேகாவ் தொழிற்சாலையில் வயர் கட்டும் பிரிவில் எல்லோரும் பெண்கள். அந்தப் படத்தை அங்கே சுவரில் ஒட்டிவைத்திருந்தாள் ஒருத்தி. புனேயிலேயே கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

பிரிவை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டதும் என்னிடம் வந்தாள். இத்தனை வருடமாக மேலே போய்ப் பேச ஆள் இல்லை, இப்போது நீங்கள் இருக்கிறீர்கள் என்றாள்.

"மூடினா மூடட்டும்க்கா. எங்கள வேற லைன்ல போடச் சொல்லுங்க, அது போதும்."

கேட்டேன். அதையாவது சொல்லிக்கொள்கிறேன். காணொளிக் கூட்டத்தில் என் யோசனையைச் சொன்னதும் தலைவர் மிகவும் பாராட்டினார். இதற்காகத்தான் குழுவில் பலவகைக் குரல்கள் வேண்டும் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இதைத் தனியாகப் பேசலாம் என்று சொல்லி, பிரிவை மூடி எல்லோரையும் அனுப்பிவிடும் தீர்மானத்தை நேரே வாக்கெடுப்புக்கு விட்டுவிட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கையைத் தூக்கினேன். ஒருத்தி எதிர்த்து என்ன ஆகப்போகிறது என்று பின்னால் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவ்வளவு பாராட்டியவர்களிடம் முகத்தை முறித்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர்களுக்குக் கொடுக்கும் வேலைவிலகல் கடிதங்களில் இந்தியாவில் இருக்கும் இயக்குநர் கையெழுத்திட வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் இருந்தது. என் விருப்பப்படி விலகுகிறேன், வழக்குப் போட மாட்டேன் என்று ஒவ்வொருத்தியும் கீழே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து போட்டு முடித்தேன். அவள் பெயர் வந்தபோதும் கை நிற்கவில்லை.

அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதே, வக்கீலிடம் காட்டு என்று அவளிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மறுநாள் நான் தளேகாவ் போய்ச் சேர்வதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது. கேட் அருகே அவளைப் பிடித்து, கடிதத்தைப் படித்தாயா என்று கேட்டேன்.

"எல்லாம் இங்கிலீஷ்க்கா. மத்தவங்க பயந்துபோய் வக்கீலப் பாக்கலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன். கீழ தமிழ்ல உங்க சஹி இருந்துச்சு. அக்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்க, அப்ப நமக்காகப் பேசிட்டாங்கன்னு சொல்லி எல்லாரையும் போடவெச்சேன்."

டிபன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"எந்த லைன்லக்கா போட்டிருக்காங்க?"