சுவரில் தொங்கிய ஐந்தாவது விதி

என் பல் கிளினிக்கின் சுவரில் லேமினேட் செய்த ஒரு தாள் தொங்குகிறது. கிளினிக்கைப் பதிவு செய்வதற்காகப் பார்வையிட வருகிற அதிகாரிகளுக்குக் காட்டவென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே எழுதிய விதிகள். ஐந்தாவது விதி இது: தவறு நடப்பதைக் காணும் எவரும், அது வைத்தியருடைய தவறாக இருந்தாலும், உடனே சொல்ல வேண்டும். வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு நல்ல விடயம் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாளின் அடியில் என் உதவியாளரும் கையெழுத்து வைத்திருக்கிறார்.

அவர் ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகளின் தாய். நான் வாய் திறக்குமுன்னே எது வேண்டுமோ அதைக் கையில் தருபவர். நானோ முன்கோபி. கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என் மனைவி எனக்காக ஊரிடம் சமாதானம் சொல்வாள். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன்.

தாளைத் தொங்கவிட்டுச் சில வாரங்கள் இருக்கும். ஒரு பாடசாலை அதிபர் கதிரையில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். நடுவில் என் கைபேசி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு அவர் வாய்ப்பக்கம் திரும்பினேன்.

"டொக்டர், கையுறை மாத்தல்ல," என்றார் உதவியாளர். மெதுவாகத்தான் சொன்னார்.

"எனக்குப் படிப்பிக்கிறயா? வெளியில போய் நில்லு."

போனார். காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, வாசலுக்கு வெளியே நின்றார். அதிபர் பாவம், திறந்த வாயோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையுறையை மாற்றினேன். வெட்கக்கேடு அதுதான். அவர் சொன்னது சரியென்று தெரிந்து மாற்றிக்கொண்டேன், சொன்னவரை மட்டும் கால்மணி நேரம் வெளியே நிற்க வைத்தேன்.

அடுத்த மாதம் பனிச்சங்கேணியிலிருந்து ஒரு மீனவர் வந்தார். கீழ் இடப்பக்கம், கடைசிக்கு முந்தின பல்லில் சூத்தை. அது அந்தப் பல்லுக்கும் கடைசிப் பல்லுக்கும் நடுவே மறைந்திருந்ததால் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. எடுக்க வேண்டியது எது என்று அட்டையிலும் எழுதி வைத்தேன். விறைப்பு ஊசி போட்டுவிட்டு, விறைக்கும்வரை வெளியே போய், புதிய அறை கட்டுகிற மேசனோடு வாக்குவாதப்பட்டேன். அந்தச் சூட்டோடே உள்ளே வந்து பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தேன்.

நான் பல்லைப் பிடித்ததும், எச்சில் உறிஞ்சும் குழாயை வைத்திருந்த உதவியாளரின் கை சற்று நின்றது. அதைக் கண்டேன்.

"குழாயைப் பிடி," என்றேன். பிடித்தார்.

கழன்று வந்தது கடைசிப் பல். ஒரு குறையும் இல்லாத, வேர் உறுதியான பல். அதற்குப் பிறகுதான் அட்டையைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்ல அவகாசம் இருந்தது. "இதுவும் பழுதுதான். மற்றதையும் எடுத்தாத்தான் சரி," என்றேன். அதையும் எடுத்தேன். அந்த மனிதர் பஞ்சைக் கடித்தபடி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு பை நிறைய நண்டோடு வந்தார். "ஒரே பயணத்தில ரெண்டையும் எடுத்துத் தந்தீங்க டொக்டர்," என்றார். அன்று வீட்டில் நண்டுக் குழம்பு. ஒரு காலைக் கடித்து உடைத்தேன். உடைத்தது கீழ் இடப்பக்கத்துக் கடைசிப் பல்லால். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலையில், ஆட்கள் வருமுன் உதவியாளரிடம் கேட்டேன்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் பிழையான பல்லப் பிடிச்சது உனக்குத் தெரியுமா?"

"ஓம் டொக்டர்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வெளியில போய் நிக்கச் சொல்லுவீங்க எண்டு நினைச்சன்."

குத்திக்காட்டவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். ஒருவருக்கு நல்ல பல் போனது, அதற்கு முந்தின மாதம் நான் இவரை வெளியே நிறுத்தியதால். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டொக்டர்," என்று அடுத்த தட்டை எடுத்தார்.

மீனவரை வரவழைத்து, உதவியாளரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, முதலில் எடுத்தது நல்ல பல் என்று சொன்னேன். மீனவர் நாக்கால் அந்த வெற்றிடத்தைத் துழாவினார்.

"நல்ல பல்லா?"

"ஓம். என்ட பிழை. அண்டைக்குப் பொய்யும் சொல்லிட்டன்."

"ஊரெல்லாம் உங்களப் பத்திச் சொல்லித் திரிஞ்சன்," என்றார். செலவில்லாமல் கட்டுப்பல் வைத்துத் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாக எழுந்து போனார். பிறகு வரவேயில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் உதவியாளர் அட்டையைப் பார்த்து எந்தப் பல் என்று உரக்கச் சொல்லும்வரை நான் குறட்டைத் தொடுவதில்லை. கைபேசி வெளியே மேசை இலாச்சியில் கிடக்கிறது. போன கிழமை, கிரானிலிருந்து வந்த ஒரு அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யோசிக்காமல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டேன்.

"டொக்டர், கையுறை," என்றார் உதவியாளர்.

"நல்லது தங்கச்சி," என்று அந்த அம்மாவுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மாற்றினேன். ஆனால் ஒன்றைக் கண்டுவிட்டேன். கையுறை என்று சொல்வதற்கு முன்னாலேயே, அவருடைய கால் வாசல் பக்கமாக அரை அடி நகர்ந்திருந்தது.